எட்டாம் வசனத்தோடு நிறுத்திவிடாதிருங்கள்

(மருத்துவமனை ஸ்தோத்திர ஆராதனையில் நமது சாப்ளின் ஐயா ஆற்றிய தேவசெய்தி)



பிரசங்கி 3-ஆம் அதிகாரம் உங்களில் அநேகருக்கு மனப்பாடம். பிறப்பு, இறப்பு என்று தொடங்கி யுத்தம், சமாதானம் என்று முடியும் 14 ஜோடிகள். யூதரில் பலர் இந்தப் புத்தகத்தை அறுவடை முடிந்து வரும் கூடாரப் பண்டிகையின்போது வாசிக்கிறார்கள். களஞ்சியம் நிறைந்திருக்கையில் வாசிக்கிறார்கள்! நாமோ பெரும்பாலும் கல்லறைத் தோட்டத்தில்தான் திறக்கிறோம்.

நான் செமினரி முடித்து வந்த புதிது. வார்டு வராந்தாவில் ஒரு விவசாயக் குடும்பத்து அம்மா. கணவர் அன்று காலையில்தான் இறந்திருந்தார். நான் அந்த எட்டு வசனங்களையும் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: "ஐயா, நடுறதுக்கும் காலம் இருக்குன்னு படிச்சீங்க. நாத்து விட்டுப் பத்து நாள்தான் ஆச்சு. நடவுக்கு முன்னாலேயே அவரைக் கூட்டிட்டுப் போனது எந்தக் காலத்துல சேத்தி?"

அவசரமாக ஒரு ஜெபம் செய்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த ஜெபத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாயிருக்கிறது.

ஒன்பதாம் வசனத்தை நான் வாசிக்கவில்லை. அங்கே பிரசங்கி தானே கேட்கிறார், இத்தனை பாடுபட்டும் மனுஷனுக்கு மிஞ்சுவது என்ன என்று. பதினோராம் வசனத்தில், தேவனுடைய செயலை ஆதிமுதல் அந்தம்வரை நம்மால் கண்டறிய முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். அந்த அம்மா வேதாகமம் அறியாதவர். ஆனாலும் சரியான வசனத்தில் நின்றது அவர்தான், நானல்ல.

நம் வேதாகமத்தில் 'மாயை' என்று வருகிற எபிரெயச் சொல் 'ஹெபெல்'. மூச்சு, நீராவி என்பதே நேர்ப்பொருள். ஆபேலின் பெயரும் அதே சொல்தான். மாயை என்றவுடன் நம் நாட்டில் பொய்த்தோற்றம் என்று எண்ணுவோம். மூச்சு பொய்யல்ல, நிலைத்து நிற்பதில்லை, அவ்வளவுதான். இதைப் பரீட்சைக்குப் படித்து நல்ல மார்க்கும் வாங்கினேன். விளங்கியது சில ஆண்டுகளுக்கு முன், என் மனைவியின் ஆக்சிஜன் முகமூடியில் ஆவி படிவதும் மறைவதுமாக இருந்ததை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது. அந்த நாட்களில் எனக்கு ஜெபம் வரவில்லை. சாப்ளினுக்கே வரவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் ரசம் கேட்டாள். கேன்டீன் அம்மா மிளகு தட்டிப் போட்டு, சூடாகக் கொண்டுவந்தார்கள். நாலு கரண்டி குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள். இருவரும் சிரித்தோம். புசிப்பதும் குடிப்பதும் தேவன் தரும் ஈவு என்று பதின்மூன்றாம் வசனம் சொல்வதை, அதுவரை ஒரு சாதாரண வசனமாகவே எண்ணியிருந்தேன்.

உங்கள் காணிக்கைகளால் தாங்கப்படும் இந்த வார்டுகளில் இப்போதும் தினமும் சுற்றி வருகிறேன். போனவுடனே வேதத்தைத் திறப்பதில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ஊரிலே இப்ப என்ன பயிர்?" என்று கேட்கிறேன்.