பூட்டிய அலமாரியும் தரங்கம்பாடிப் பட்டியலும்

(தொட்டியத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் பகுதி வழியே ஓடும் காவிரி பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. அதற்குச் சற்றுத் தெற்கே உள்ளது தரங்கம்பாடி. 1706 ஜூலையில் அங்கு வந்து இறங்கினார் பர்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானியர். அப்போது அவருக்கு 24 வயது நிறையும் தறுவாய். வந்தது சமயப் பணிக்கு. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார்.

பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். இரண்டே ஆண்டுகளில், 1708இல், 119 தமிழ் நூல்களுக்குப் பட்டியல் எழுதினார். அதில் நூற்பெயர்கள் மட்டும் இல்லை. நூல் எதைப் பற்றியது என்ற விளக்கமும் உண்டு. தமிழறியாத ஐரோப்பியரும் அதைப் படித்து, இம்மொழியில் எவ்வளவு இருக்கிறது என்று அறியலாம். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

அந்த மொழிபெயர்ப்புகள் அச்சானது எப்போது தெரியுமா? 1930இல்! 222 ஆண்டுகள் கையெழுத்தாகவே கிடந்தன. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதிய நூலும் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. 1719இல், 36 வயதில் மறைந்த அவர் இரண்டையும் அச்சில் பார்க்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு என் வகுப்பு அலமாரி நினைவுக்கு வந்தது. புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்று பல ஆண்டுகள் அதைப் பூட்டியே வைத்திருந்தேன். இருப்புப் பதிவேடு சரியாக இருந்தது. பிள்ளைகளின் கையில்தான் புத்தகம் இல்லை.

இப்போது சாவி மாணவர்களிடம் இருக்கிறது. ஒரு நூலைப் படித்த பிள்ளை, அது எதைப் பற்றியது என்று இரண்டு வரி ஒரு நோட்டில் எழுத வேண்டும். அடுத்த பிள்ளை அந்த வரிகளைப் பார்த்துப் புத்தகம் எடுக்கிறது. சில புத்தகங்கள் கிழிந்தன. இரண்டு திரும்பி வரவே இல்லை. ஆனாலும் அலமாரியை நான் மறுபடி பூட்டவில்லை.

பதிவேட்டில் இருப்பது எண்ணிக்கை. அந்த நோட்டில் இருப்பது வாசிப்பு. சீகன்பால்கு எழுதியது இரண்டாவது வகைப் பட்டியல். நாளைக்கே உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு நோட்டைத் தொடங்குங்கள். முதல் இரண்டு வரியை நீங்களே எழுதுங்கள்.