கலங்கரை விளக்கம்: சொல்லும் கல்லும்



திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் இத்தொழில்வெளியில் கடலைக் காண இயலாது. ஆயினும் இங்கு உருவாகும் கார்கள் சென்னையிலும் எண்ணூரிலும் கப்பலேறுகின்றன. தொண்டை நாட்டுக்கும் கடலுக்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குப் பாணனை ஆற்றுப்படுத்துங்கால், நீர்ப்பெயற்று என்னும் துறைமுகப் பட்டினத்தைக் காட்டுகிறது. அஃது இன்றைய மாமல்லபுரமே எனக் கருதும் அறிஞர் உளர்.

அப்பட்டினத்தில் விண்ணை முட்டும் மாடம் ஒன்று. ஏணி சார்த்தியும் ஏறற்கரிய உச்சி. கூரை வேயாத அதன் மேற்றளத்தில் இரவில் ஏற்றிய தீ. அத்தீ கலங்களைக் 'கரையும்' என்கிறார் புலவர். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே வினைதான் இது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் வரும் கலங்கரை விளக்கமும் கலங்களை அழைக்கும் விளக்கே. கரையில் நிற்பதால் பெற்ற பெயர் என்று கொள்வது எளிது. ஆயின் அவ்வாறு கொள்ளும்போது, பெயருக்குள் இருக்கும் அழைப்புக் குரல் மறைந்துபோகிறது.

அக்குரல் நெடுந்தொலைவு எட்ட உயரம் வேண்டும். உலகு உருண்டையாதலின், 25 மீட்டர் உயரத்து ஒளி கடல்மட்டத்தில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் வரையே நேராக எட்டும். தொலைவை இருமடங்காக்க வேண்டுமெனின் உயரத்தை நான்மடங்காக்க வேண்டும். தாழ்ந்து பரந்த சோழமண்டலக் கரையில் விளக்கேற்றுவோர் பாறையையும் கட்டடங்களின் முடியையும் நாடியது இதனாலேயே.

மாமல்லபுரத்தில் மகிடாசுரமர்த்தினி குடைவரைக்கு மேலுள்ள பாறையில் ஒலக்கண்ணேசுவரர் கோயில் நிற்கிறது. இராசசிம்மப் பல்லவன் காலத்ததாகக் கருதப்படும் இக்கற்றளி தன் சிகரத்தை இழந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதன் தளத்தின் மீதே விளக்கு எரிந்தது. பின்னர் அருகில் எழுப்பிய வட்டமான கருங்கற் கோபுரத்துக்கு 1904-இல் அவ்விளக்கு மாறியது. கோயிலும் கோபுரமும் இன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

சென்னையின் கதையும் இத்தகையதே. 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டையில், இன்று அருங்காட்சியகமாக விளங்கும் கட்டடத்தின் மாடியில் தேங்காயெண்ணெய் விளக்கு ஏற்றப்பட்டது. 1844-இல் அவ்விளக்குக்கெனவே எழுப்பிய டோரிக் பாணிக் கருங்கல் தூணில் ஒளி ஏறியது. அத்தூண் இன்று உயர் நீதிமன்ற வளாகத்துள் உள்ளது. 1894-இல் நீதிமன்றத்தின் உயர்ந்த குவிமாடமே கலங்கரை விளக்கமாயிற்று. இந்தோ சாரசெனிக் பாணியில் அமைந்த அக்கட்டடம், நிலத்தில் நீதியும் நீரில் வழியும் காட்டும் இருபணி பூண்டது. 1977 சனவரி 10 முதல் மெரினாவில் முக்கோண வடிவில், செந்நிறமும் வெண்ணிறமும் மாறிமாறித் தோன்றும் பதினொரு தளக் கோபுரம் அப்பணியை ஏற்றது.

இன்று மாலுமிகள் செயற்கைக்கோளைக் கொண்டு தம் இருப்பிடம் அறிகின்றனர். கோபுர விளக்கு துணைச்சான்றாக நிற்கிறது. கருவி மாறலாம்; சொல்லைக் காக்கும் பொறுப்பு புலவரைச் சார்ந்தது. ஒரகடத்திலிருந்து செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் செல்லும் வட்டத்தினர், கோபுரத்தின் படியேறுமுன் பெரும்பாணாற்றுப்படையின் அப்பகுதியை உடன்வரும் இளைஞர்க்கு ஒருமுறை படித்துக் காட்டுதல் நன்று. உச்சியில் நின்று கடலை நோக்கும்போது, அவ்விளக்கு அழைப்பது யாரை என்று அவர்களே சொல்வர்.