நூலுரிமையும் மின்னணுப் பூட்டும்



ஒரு நூலை விலை கொடுத்து வாங்கியவர் அதனை எத்தனை முறையும் படிக்கலாம், ஓரங்களில் குறிப்பெழுதலாம், நண்பர்க்கு இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், தம் மக்களுக்கு விட்டுச் செல்லலாம். அதனைப் படியெடுத்து விற்பது மட்டும் அவர்க்கு உரியதன்று. அவ்வுரிமை நூலாசிரியர்க்கும் அவரிடம் உரிமை பெற்ற பதிப்பகத்தார்க்கும் உரியது. எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இடையே நெடுங்காலமாக நிலவிவரும் உடன்பாடு இது. மின்னணுக் காலம் இவ்வுடன்பாட்டின் ஒரு பாதியை, அதாவது ஆசிரியர் பாதியை, வலிமைப்படுத்த முனைந்து, படிப்போர் பாதியைப் பறித்துக்கொண்டது. அது நிகழ்ந்த வகையினை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

உரிமைக்கு எல்லை வகுத்தோர்

பதிப்புரிமை என்னும் கருத்துக்குச் சட்ட வடிவம் தந்த முதல் நாடு இங்கிலாந்து. ஆன் அரசியார் காலத்தில், 1710இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை வழங்கியது. அக்கால முடிவில் ஆசிரியர் உயிருடன் இருப்பின் மேலும் 14 ஆண்டு உரிமை உண்டு. அதன்பின் அந்நூல் பொதுவுடைமை. கல்வியை ஊக்குவிப்பதே தன் நோக்கம் என அச்சட்டம் தன் தலைப்பிலேயே கூறிக்கொண்டது. எனவே, உரிமையும் அவ்வுரிமைக்கு ஒரு முடிவும் உடன்பிறந்தவை எனலாம்.

கால எல்லை போலவே விற்பனைக்கும் ஓர் எல்லை பின்னர் வகுக்கப்பட்டது. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகத்தார், ‘தி காஸ்ட்அவே’ என்ற புதினத்தில், ஒரு டாலருக்குக் குறைத்து இதனை விற்பது பதிப்புரிமை மீறலாகும் என்று அச்சிட்டனர். நியூயார்க் நகரின் மேசி அங்காடியினர் அதனை 89 சென்டுக்கு விற்றனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஒரு படியை முதன்முறை விற்றதுமே, அப்படியின்மீது பதிப்பகத்தார்க்கு இருந்த விற்பனைக் கட்டுப்பாடு முடிந்துவிடுகிறது என 1908இல் தீர்ப்பாயிற்று. இரவல் நூலகமும் பழைய புத்தகக் கடையும் அந்நாட்டில் அச்சமின்றி இயங்குதற்கு இக்கொள்கையே அரணாக அமைந்தது.

பூட்டு வந்த வழி

அச்சு நூலைப் படியெடுக்கப் பொருளும் காலமும் உழைப்பும் வேண்டும். மின்னணுக் கோப்புக்கோ இவை வேண்டா. ஒரு நொடியில் பிறக்கும் ஆயிரமாவது படியும் முதற்படியின் தெளிவுடனேயே இருக்கும். ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதியவரும் முதலீடு செய்து வெளியிட்டவரும் இது கண்டு அஞ்சியது இயல்பே. அவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று. களவு களவே.

ஆயின் அச்சத்திற்கு அவர்கள் தேடிய மருந்து, மின்னணுப் பூட்டு. கோப்பினை மறைமொழியாக்கி, குறித்த கருவியில், குறித்த மென்பொருளில், குறித்த முறையில் மட்டுமே திறக்குமாறு அமைப்பது அது. 1996இல் ஜெனீவாவில் உருவான உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் உடன்படிக்கை, இத்தகைய பூட்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்குமாறு உறுப்பு நாடுகளைப் பணித்தது. அதனை ஒட்டி 1998இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒரு படி மேலே சென்றது. படியெடுத்து விற்பது மட்டுமன்றிப் பூட்டைத் திறப்பதே தனிக் குற்றம் என்றாயிற்று. பூட்டைத் திறந்தவர் அதன்பின் தவறேதும் செய்யாதவராயினும் குற்றத்திற்கு உள்ளாகலாம்.

இதன் விளைவு விரைவில் புலப்பட்டது. ரஷ்ய நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய திமித்ரி ஸ்க்லியாரோவ் என்னும் இளைஞர், மின்னூற் பூட்டுகளின் குறைகளைப் பற்றி 2001 ஜூலையில் லாஸ் வேகாஸ் மாநாட்டில் உரையாற்றினார். மின்னூல்களின் பூட்டை நீக்கும் மென்பொருளை ஆக்கியவர்களுள் ஒருவர் என்பதற்காக, நாடு திரும்பும் முன்னரே அவர் கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ மூன்று வாரம் சிறையில் இருந்தார். 2002 டிசம்பரில் அவருடைய நிறுவனம் குற்றமற்றது என நடுவர் குழு தீர்ப்பளித்தது.

நார்வே நாட்டிலும் இத்தகைய வழக்கு ஒன்று நடந்தது. திரைப்பட டி.வி.டி. வட்டின் பூட்டைத் திறக்கும் நிரலை 1999இல் வெளியிட்டமைக்காகப் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன்மீது பின்னர் வழக்குத் தொடரப்பட்டது. தான் விலைக்கு வாங்கிய வட்டினைத் தன் கணினியில் காண வழி தேடியது குற்றமாகாது என 2003இல் இரண்டு நீதிமன்றங்கள் அவனை விடுவித்தன.

அவ்வட்டுகளில் மற்றுமொரு தளையும் உண்டு. உலகம் பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, அமெரிக்காவுக்கு 1 என்றும் இந்தியாவுக்கு 5 என்றும் எண் இடப்பட்டது. அமெரிக்காவில் முழு விலை கொடுத்து வாங்கிய வட்டினை இந்தியாவில் வாங்கிய கருவியில் இட்டால், மண்டலம் பொருந்தவில்லை என அது மறுத்துவிடும். இங்குத் தடுக்கப்பட்டவர் கள்வர் அல்லர். கடையில் பணம் செலுத்தியவரே ஆவர்.

பூட்டு யாரைத் தடுத்தது?

இக்கேள்விக்கு 2005இல் நிகழ்ந்த சோனி பி.எம்.ஜி. இசைத்தட்டு விவகாரம் தெளிவான விடை தருகிறது. அந்நிறுவனம் தன் இசைத் தொகுப்புகளுள் 52இல் ஒரு பூட்டு மென்பொருளைச் சேர்த்திருந்தது. அக்குறுந்தகட்டைக் கணினியில் இட்டு இசை கேட்க விரும்பியோரின் கணினிக்குள் அது புகுந்து, தான் இருப்பது தெரியாதவாறு தன்னை மறைத்துக்கொண்டது. ‘ரூட்கிட்’ எனத் துறையினர் அழைக்கும் இவ்வுத்தி, தீய நிரல்களை எழுதுவோர் கையாளும் உத்தியாகும். கணினி வல்லுநர் மார்க் ரசினோவிச் தம் கணினியிலேயே இதனைக் கண்டறிந்து அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளிப்படுத்தினார். பூட்டு ஏற்படுத்திய மறைவிடத்தில் பதுங்கிக்கொள்ளும் தீய நிரல்கள் சில நாள்களிலேயே தோன்றின. அதனை நீக்குதற்கென நிறுவனம் முதலில் அளித்த மருந்தோ, கணினியில் வேறொரு பாதுகாப்புத் துளையை உண்டாக்கிற்று. இறுதியில் தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன; டெக்சாஸ் மாநிலம் வழக்குத் தொடர்ந்தது; பாதிப்புற்றோர்க்கு இழப்பீடு தர நிறுவனம் உடன்பட்டது.

இங்கு எண்ணத்தக்கது ஒன்றுண்டு. அவ்விசையைக் களவாகப் பெற்றவர் கணினிக்கு இப்பூட்டினால் தீங்கு நேரவில்லை. அவரிடம் இருந்தது பூட்டு நீக்கப்பட்ட கோப்பு. தீங்கு நேர்ந்தது கடைக்குச் சென்று நேர்மையாக வாங்கியவர்க்கே. வல்லார் ஒருவர் ஒரு முறை பூட்டைத் திறந்துவிட்டால், திறந்த படி உலகெங்கும் பரவிவிடுகிறது. அதன்பின் அப்பூட்டு காத்து நிற்பது விலை கொடுத்தவரின் வாயிலை மட்டுமே.

மறைந்த நூல்கள்

நூலுலகில் இதனினும் வியத்தகு நிகழ்ச்சி 2009 ஜூலையில் நடந்தது. அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவியில் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களை வாங்கியிருந்த அமெரிக்க வாசகர் பலர், அவை தம் கருவியிலிருந்து மறைந்துவிட்டதைக் கண்டனர். அப்பதிப்பை விற்றவர்க்கு அமெரிக்காவில் உரிமை இல்லை எனத் தெரிந்ததும், நிறுவனம் தொலைவிலிருந்தே நூல்களை அழித்துப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டது. பள்ளி மாணவர் ஒருவர் பாடத்திற்கென எழுதிவைத்த குறிப்புகள் நூலின்றிப் பயனற்றுப் போயின. ஆவணங்களை அழித்து வரலாற்றை மாற்றும் அரசினைப் பற்றிய புதினமே இவ்வாறு அழிக்கப்பட்டமை உலகின் கண்ணைத் திறந்தது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

உரிமை இல்லாத பதிப்பை விற்றது தவறே. ஆயின் அச்சு நூலில் இத்தவறு நேர்ந்திருப்பின், பதிப்பகத்தாரும் விற்றவரும் வழக்காடியிருப்பர். இரவில் வாசகர் வீட்டுக்குள் புகுந்து அலமாரியிலிருந்து எவரும் நூலை எடுத்துச் சென்றிருக்க மாட்டார்.

பத்தாண்டு கழித்து, 2019 ஜூலையில், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியது. அங்கு வாங்கிய நூல்கள் யாவும் திறக்கப்படாமற் போயின. விலை திருப்பித் தரப்பட்டது. குறிப்பெழுதி வைத்திருந்தோர்க்கு மேலும் 25 டாலர் வரவு வைக்கப்பட்டது. விலையைத் திருப்பலாம்; படித்தவர் தம் சிந்தனையைப் பதித்த நூலைத் திருப்ப இயலுமோ? இந்நிகழ்ச்சிகள் உணர்த்துவது ஒன்றே. வாசகர் வாங்கியதாக எண்ணியது நூல். அவர் பெற்றதோ, விற்றவர் விரும்பும்வரை படிக்கலாம் என்னும் இசைவு. விற்கும்போது சொல்லப்பட்ட சொல் ‘வாங்குக’ என்பது. நுண்ணெழுத்து நிபந்தனையில் இருந்ததோ ‘உரிமம்’ என்பது. 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அரணும் இங்குத் துணை நிற்கவில்லை. விலைக்கு வாங்கிய இசைக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி என்னும் நிறுவனத்தின் வழக்கில், கோப்பினை மாற்றித் தருவதே புதுப்படி எடுப்பதாகும் என 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

செவியால் படிப்போர்

பூட்டினால் மிகுதியாக இடருற்றோர் பார்வையற்றோர். அச்சு நூல் அவர்க்கு மூடிய கதவு. கணினி உரக்கப் படித்துக் காட்டும் மின்னூலோ அக்கதவைத் திறக்க வந்தது. ஆயின் 2009இல் கிண்டில் கருவியில் உரக்கப் படிக்கும் வசதி வந்தபோது, ஒலிநூல் உரிமைக்கு அது ஊறாகும் என அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தினர் எதிர்த்தனர். விரும்பாத பதிப்பகத்தார் அவ்வசதியை நிறுத்திவைக்க நிறுவனம் இடமளித்தது. பூட்டிய மின்னூலைச் செவிவழிப் படிக்கத் திறந்துகொள்ளும் சிறு விலக்கினை அமெரிக்க நூலகத் துறை 2003இல் அளித்தது. ஆயினும் மூன்றாண்டுக்கு ஒருமுறை அதனைப் புதிதாக வேண்டிப் பெற வேண்டியிருந்தது. படிக்கும் உரிமையை மூன்றாண்டுக்கு ஒருமுறை விண்ணப்பித்துப் பெறும் நிலை எவ்வளவு இரங்கத்தக்கது!

இந்நிலை மாற 2013 ஜூனில் மராகேஷ் நகரில் ஓர் உடன்படிக்கை பிறந்தது. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களைப் படியெடுக்கவும் நாடுகளிடையே பகிரவும் அது வழிசெய்தது. அதனை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா, ஆண்டு 2014.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65அ பிரிவு பூட்டுகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. மீறுவோர்க்கு ஈராண்டு வரை சிறையும் தண்டமும் உண்டு. ஆயின் அமெரிக்கச் சட்டத்தினின்றும் இது வேறுபடும் இடம் சிறப்பானது. உரிமையை மீறும் நோக்குடன் பூட்டைத் திறப்பதே இங்குக் குற்றம். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத பயனுக்காகத் திறப்பது குற்றமன்று. உள்ளத்தின் நோக்கத்தைப் பார்த்துக் குற்றத்தை அளப்பது அறநெறிக்கு இயைந்ததாகும்.

எனினும் ஒரு குறை எஞ்சியுள்ளது. சட்டம் இசைவு தருகிறது, திறவுகோல் தரவில்லை. பூட்டியவரே திறந்துகொடுத்தல் வேண்டும் என்ற கடமையை அது விதிக்கவில்லை. தாமே திறந்துகொள்ளும் திறன் எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

காலக் கணக்கும் இவ்வாறே. இந்தியாவில் ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டு வரை உரிமை நிலைக்கும். 1950இல் மறைந்த ஆர்வெல்லின் நூல்கள் இந்தியாவில் 2010 முடிவிலும், இங்கிலாந்தில் 2020 முடிவிலும் பொதுவுடைமையாயின. அமெரிக்காவில் ‘1984’ புதினத்தின் உரிமை 2044 முடிவு வரை உண்டு. உரிமை முடியும் நாளைச் சட்டம் அறியும், பூட்டு அறியாது. உரிமை முடிந்தபின்னும் பூட்டு பூட்டாகவே நிற்கும். 1710இல் வகுத்த எல்லையை ஒரு மென்பொருள் ஓசையின்றி அழித்துவிடுகிறது.

பூட்டின்றியும் வணிகம் உண்டு

பூட்டை நீக்கினால் வணிகம் அழியும் என்பார் உளர். இசையுலகம் இதற்கு மறுமொழி கூறிவிட்டது. 2006இல் இணையக் கடைகளில் பூட்டுடன் விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு. பூட்டில்லாக் குறுந்தகடுகளில் இசை நிறுவனங்களே விற்ற பாடல்கள் 2,000 கோடிக்கும் மேல் என ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் எடுத்துக்காட்டினார். முன்வாயிலைத் திறந்து வைத்துப் பின்வாயிலைப் பூட்டுவதால் யாது பயன்? அவ்வாண்டே ஈ.எம்.ஐ. நிறுவனம் பூட்டைக் கைவிட்டது. 2009இல் ஏனைய பெரு நிறுவனங்களும் அவ்வழி வந்தன. பாடல் விற்பனை அதனால் நின்றுபோகவில்லை.

சட்டமும் மெல்ல விழித்துள்ளது. திரும்பப் பெறத்தக்க உரிமத்தை ‘வாங்குக’ என்ற சொல்லால் விற்போர், அஃது உரிமமே என்பதைத் தெளிவாக அறிவித்தல் வேண்டும் எனக் கலிபோர்னியா மாநிலம் 2024இல் சட்டம் இயற்றியது; 2025 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. பொருளை மீட்டுத் தரவில்லை எனினும் சொல்லின் பொய்மையை அது நீக்குகிறது.

வேண்டுவன மூன்று. விற்பது நூலா, இசைவா என்பதை விற்போர் முன்னரே உரைத்தல் வேண்டும். உரிமைக்காலம் முடிந்ததும், கடை மூடப்படுங்காலும், பூட்டியவரே பூட்டை நீக்கித் தருதல் வேண்டும். நூலகங்களும் பார்வையற்றோர் அமைப்புகளும் சட்டம் இசைந்த பணிக்குத் திறவுகோலைத் தடையின்றிப் பெறுதல் வேண்டும். இவற்றால் எந்த எழுத்தாளரின் ஊதியமும் குறையாது.

சங்க இலக்கியம் இன்று நம் கைகளில் இருப்பது, ஏடு நைந்துபோகும் முன் அதனை மற்றோர் ஏட்டிற் படியெடுத்தோரால் ஆகும். எழுதியவர்க்கும் படியெடுத்தவர்க்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடந்தன. ஓலை பழுதுறும் காலத்தினும் மிகக் குறுகிய காலத்தில் மின்னணுக் கருவியும் நிறுவனமும் மாறுகின்றன. நூல்களைப் பேணுவோர், அடுத்த தலைமுறைக்கு நூலுடன் அதனைத் திறக்கும் உரிமையையும் சேர்த்தே ஒப்படைத்தல் வேண்டும்.