ஓய்வும் ஓர் ஈகையே
(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் விருந்தும் மலர் வெளியீடுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் ஐம்பதாம் ஆண்டைப் பற்றி விவிலியத்தில் லேவியர் நூல் என்ன கூறுகிறது என்பதையும் எண்ணிப் பார்ப்போம். அந்த ஆண்டில் விதைப்பும் இல்லை, அறுப்பும் இல்லை. அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். நிலம் இளைப்பாற வேண்டும். ஆகவே ஜூபிலி என்பது முதற்கண் ஓய்வின் விழாவாகும்.

இதன் பொருளை நம் பகுதி விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு ஆண்டு மல்லாட்டையே போட்டுக்கொண்டிருந்தால் நிலம் சாரம் இழக்கும். சிறிது காலம் கரம்பாக விட்டு, ஆட்டுக்கிடை மடக்கி, பிறகு உழுதால் அதே நிலம் தெம்போடு விளைவிக்கும். நிலத்தின் மேல் நமக்குள்ள இந்தக் கரிசனம் நம் உடல் மேலும் உள்ளத்தின் மேலும் உண்டா? இதுவே இன்று நம் முன் உள்ள கேள்வி.

திருவண்ணாமலை ஓய்வறியாத ஊர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம். கார்த்திகைத் தீபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்நாட்களில் பஸ் ஓட்டுபவர், ஆட்டோக்காரர், இட்லிக் கடைக்காரர், பூக்கட்டும் பெண், துப்புரவுப் பணியாளர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஆகியோருக்குக் கண்மூட நேரமில்லை. நம் பங்கிலும் இத்தகைய உழைப்பாளிகள் இருக்கிறார்கள். இதே மலையைத் தேடி அமைதிக்காக உலகின் பல பக்கங்களிலிருந்தும் வருகிறார்கள். பிரெஞ்சு நாட்டுக் குருவான சுவாமி அபிஷிக்தானந்தர், 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர். அவரும் இம்மலைக் குகைகளில் தங்கி மௌனத்தில் ஆழ்ந்தார். தொலைவிலிருந்து வந்தவருக்குக் கிட்டிய அமைதி, அடிவாரத்தில் குடியிருக்கும் நமக்கு ஏன் எட்டாமற்போகிறது?

“நேரம் எங்கே சாமி?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சம்பளத்தோடு லீவு உள்ளவர் ஓய்வெடுக்கலாம். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்பவர் என்ன செய்வார்? இதற்கு இறைவனின் கட்டளையே விடை தருகிறது. ஓய்வு நாளை ஆசரிக்கச் சொன்ன இடத்தில், குடும்பத் தலைவன் மட்டும் ஓய்ந்திருந்தால் போதும் என்று ஆண்டவர் சொல்லவில்லை. மகனையும் மகளையும், வேலைக்காரனையும் வேலைக்காரியையும், அந்நியனையும், மாட்டையும் கழுதையையும்கூடச் சேர்த்துச் சொன்னார். அப்படியானால் ஓய்வு என்பது நாமாக எடுத்துக்கொள்வது மட்டுமன்று. ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பது.

நாட்டு வரலாறும் இதையே காட்டுகிறது. பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை தானாக வந்துவிடவில்லை. நாராயண் மேகாஜி லோக்கண்டே என்பவர் பல ஆண்டுகள் போராடிய பின்னரே 1890இல் அது கிடைத்தது. நம் காலத்தையே பாருங்கள். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை கால்கடுக்க நிற்கும் பிள்ளைகளுக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று கேரளம் 2018இலும், தமிழ்நாடு 2021இலும் சட்டம் செய்தன. ஒரு நாற்காலிக்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது!

கடைக்குச் சட்டம் வந்தது. நம் வீட்டுச் சமையலறைக்கு எந்தச் சட்டம் வரும்? ஞாயிறன்று பூசை முடிந்ததும் ஆண்கள் கறி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சாய்ந்துகொள்கிறோம். வீட்டுப் பெண்ணுக்கோ மற்ற ஆறு நாட்களைவிட அன்றுதான் வேலை அதிகம். எல்லாரும் உண்ட பின் மிஞ்சியதை உண்டு, பாத்திரம் துலக்கி நிமிர்ந்தால் மாலை ஆகிவிடுகிறது. அவளுக்கு ஆண்டவருடைய நாள் எது? கறியைக் கழுவவும் வெங்காயம் உரிக்கவும் தட்டுக் கழுவவும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் கையில்லையா?

தாய்மார்களுக்கும் ஒரு சொல். தலைசுற்றலையும் கால்வீக்கத்தையும் மூடிமறைத்து உழைப்பது தியாகம் ஆகாது. இரத்த அழுத்தம் பெரும்பாலும் அடையாளம் காட்டாமலே வளர்ந்து, இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பக்கவாதத்திலும் கொண்டுபோய் விடும். சர்க்கரை நோயும் அப்படியே. பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். இந்நோய்களுக்கு வீட்டுக்கே வந்து பார்த்து மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வீடு தேடி மருந்து வந்தாலும் அதை வாங்கி நேரத்துக்கு உண்ண வேண்டியது நாம்தானே?

உள்ளச் சோர்வையும் பாவமென்று எண்ண வேண்டாம். எலியா இறைவாக்கினர் மனம் உடைந்து சூரைச்செடியின் அடியில் கிடந்து, சாவு வராதா என்று வேண்டினார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், தூதரை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் உறங்கவிட்டார். ஓரேபு மலைக்கு நாற்பது நாள் பயணம் அதன் பிறகுதான். இறைவாக்கினருக்கே உணவும் உறக்கமும் வேண்டியிருந்தன என்றால் நமக்கு வேண்டாமா?

ஆகையால் இந்த விழா ஆண்டில் மூன்று காரியங்களை மேற்கொள்வோம். முதலாவது, நாள்தோறும் அரைமணி நேரம் கைப்பேசியை ஒதுக்கிவைத்து, நடையோ ஜெபமோ சும்மா இருத்தலோ நமக்கென்று வைத்துக்கொள்வோம். அந்த அரைமணியை வீட்டிலுள்ள மற்றவர்கள் காத்துக்கொடுக்கட்டும். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுவேலையை எல்லாரும் பங்கிட்டுக்கொள்வோம். மூன்றாவது, கோவில் பெருக்குவதும் பீடம் சோடிப்பதும் விருந்து சமைப்பதும் எப்போதும் அதே நாலைந்து பேர் தலையில் விழாதபடி, அன்பியங்கள் முறைவைத்துச் செய்யட்டும்.

ஐம்பது ஆண்டுகளாக இப்பங்கைத் தாங்கிவந்த தோள்கள் பல. அவற்றில் களைத்துப்போன தோள் எது என்று இன்றிரவு நம் வீட்டிலேயே தேடுவோம். கண்டவுடன், “நீ உட்கார், இதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்வோம். இறைவன் உங்கள் அனைவரையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.