பெயருக்குள் மறைந்த துறை



'தீர்த்தங்கரர்' என்னும் திருப்பெயர் சமண இல்லங்களில் நாள்தோறும் ஓதப்படுகிறது. அப்பெயருக்குள் ஓர் உருவகம் உறைகின்றது. வடமொழியில் தீர்த்தம் என்பது ஆற்றைக் கடந்தேறும் துறையையும் குறிக்கும். பிறவியாகிய வெள்ளத்தைக் கடக்கத் துறை அமைத்தவர் தீர்த்தங்கரர். இன்றைய சிறுவர்க்கோ தீர்த்தம் என்றால் புனித நீரே நினைவுக்கு வருகிறது. பெயர் நிலைத்தது, துறை மறைந்தது.

உருவகத்தை மனம் எவ்வாறு உணர்கிறது? நேர்ப்பொருள் பொருந்தாதபோதே மனம் வேறு பொருளைத் தேடும் என்று கருதுவோர் உளர். 1982-இல் சாம் கிளக்ஸ்பெர்க் முதலிய அமெரிக்க உளவியல் அறிஞர் இதனைச் சோதித்தனர். வாக்கியம் நேர்ப்பொருளில் மெய்யா, பொய்யா என்று மட்டும் கூறுமாறு பணித்தனர். வேலையைச் சிறை என்பது போன்ற உருவகங்களைப் பொய்யென மறுக்க, ஏனைய பொய் வாக்கியங்களை மறுப்பதினும் மிகுதியான நேரம் பிடித்தது. வேண்டாதபோதும் உருவகப் பொருள் தானே முன்வந்து நின்றது.

எனினும் ஒப்பிடும் பொருளின் எல்லாப் பண்பையும் மனம் கொள்வதில்லை. தொல்காப்பியர் உவமத்தின் தோற்றத்தை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். துறையில் சேறும் பாசியும் உண்டு. அவற்றை விடுத்துக் கடத்தலாகிய பயனையே மனம் பற்றுகிறது. அதற்குத் துறையை அறிந்திருத்தல் வேண்டும். பாலத்தின்மேல் ஆற்றைக் கடக்கும் தலைமுறைக்கு அதனைச் சொல்லித்தான் தரவேண்டும்.

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மீனும் யானையும் எருமையும் அதில் உள. மனிதர் மலர் கொய்கின்றனர். அறியாதார்க்கு அது அழகிய குளம். சமவசரணம் பற்றிக் கேட்டறிந்தார்க்கோ, அறவுரை கேட்கச் செல்லும் பவியர் மலர் கொய்யும் பொய்கை. ஆய்வாளரும் அவ்வாறு விளக்குவர். ஓவியம் ஒன்றே, காண்பவர் அறிவுக்கேற்பக் காட்சி வேறாகிறது.

ஒரு நோக்கில் கூறியதை அந்நோக்கின் அளவிலேயே மெய்யெனக் கொள்வது அநேகாந்தம். உருவகத்துக்கும் அவ்வளவு உண்டு. துறை அமைத்தவர் என்பதால், அவரே கைப்பிடித்துக் கரையேற்றுவார் எனக் கொள்ளின் சமண நெறியே பிறழும். திருப்பெயரைக் கற்பிக்கும் பெற்றோர் இதனையும் உடன் கற்பித்தல் நன்று: துறை வழியைக் காட்டும், கடக்க வேண்டியவை அவரவர் கால்களே.