குழந்தையின் கையில் ஒரு சிறு நூல்



ஈக்காட்டுத்தாங்கல் என்னும் பெயரைக் கேட்டதும், தொழிற்கூடங்களின் ஓசையும் நெரிசல் மிகுந்த சாலைகளுமே உங்கள் நினைவுக்கு வரக்கூடும். 'தாங்கல்' என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். நீர்நிலையால் பெயர் பெற்ற இவ்வூர், 1958-ஆம் ஆண்டில் கிண்டித் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் இயந்திரங்களுக்கு அண்டையூர் ஆயிற்று. ஆயினும் அடையாற்றங்கரையில் உள்ள இவ்வூருக்கு அதனினும் பழைய அண்டை ஒன்று உண்டு. கிழக்கே சற்றுத் தொலைவில் சைதாப்பேட்டைச் சின்னமலை, தெற்கே பரங்கிமலை. இயேசுநாதரின் சீடராகிய தோமையார் இப்பகுதியில் போதித்துப் பரங்கிமலையில் உயிர் நீத்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை.

தோமையார் காலத்தில் அச்சுப் பொறி இல்லை. குழந்தைகளுக்கென்று எழுதிய நூலும் இல்லை. சமயம் வாய்ச்சொல்லாகவே பரவிற்று. அந்த வாய்ச்சொல் எவ்வாறு அச்சேறிக் குழந்தையின் கையில் ஒரு சிறு நூலாக வந்து சேர்ந்தது? வந்து சேர்ந்த நூல் எப்படி இருத்தல் வேண்டும்? இவ்விரண்டையுமே இன்று நான் பேச எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதிச் சிறுவர் சிலருக்கு விவிலியக் கதைகளைச் சொல்லிவருபவன் நான். ஆதலால் இக்கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி அன்று. வாரந்தோறும் எதிர்ப்படும் கேள்வியாகும்.

கதையை முத்துக்குளித்துறையிலிருந்து தொடங்குவோம். 1542-ஆம் ஆண்டு பிரான்சிஸ் சவேரியார் அக்கடற்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கேயமும் அறிந்தவர்களைத் துணைக்கொண்டு, முதன்மையான செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் ஆக்குவித்தார். அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஏந்தி ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவரை ஒன்றுகூட்டினார். கற்ற சிறுவர் தம் வீடுகளுக்குச் சென்று தாய் தந்தையர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. குழந்தை கற்கும் மாணவனாக மட்டுமன்றிக் கற்பிக்கும் ஆசிரியனாகவும் ஆயிற்று என்பதை இங்கே கருத்தில் கொள்ளுங்கள். பிறருக்குச் சொல்ல இயலாத ஒன்றைக் குழந்தை உண்மையில் கற்றதாகக் கொள்ள முடியாது அன்றோ?

1554-இல் லிஸ்பன் மாநகரில் ஒரு சிறு செபநூல் அச்சாயிற்று. அதன் மொழி தமிழ். எழுத்தோ உரோமன் எழுத்து. தமிழ் அறிந்த மூவர் அப்பணியில் ஈடுபட்டனர். எனினும், தமிழ் எழுத்து மட்டும் கற்ற ஒரு சிறுவன் அந்நூலைப் படித்திருக்க முடியாது. மொழி குழந்தையினுடையது, எழுத்து பிறருடையது. அந்தக் குறையை நீக்கியவர் அண்டிரிக்கு அடிகளார் என்று நாம் வழங்கும் என்றிக்கு என்றிக்கசு பாதிரியார். அவர் முத்துக்குளித்துறையிலேயே நெடுங்காலம் வாழ்ந்தவர்; தமிழை முறையாகக் கற்று அதற்கு இலக்கணமும் எழுதியவர். அவருடைய முயற்சியால் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் மிகப் பழையது இதுவே. இதன் அளவு என்ன தெரியுமா? பதினாறு பக்கங்கள்! இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் அச்சுலகில் புகுந்தது பெருங்காப்பியத்தின் வாயிலாக அன்று. மடித்துக் கையில் அடக்கிவிடத்தக்க ஒரு செபநூலின் வாயிலாகவே ஆகும்.

இனி முத்துக்கரையை விட்டு வடக்கே தரங்கம்பாடிக்கு வருவோம். 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், இருபத்து நான்கு வயதை எட்டிக்கொண்டிருந்த சீகன்பால்கு என்னும் செருமானியர் அங்கே கப்பலிலிருந்து இறங்கினார். தமிழ் கற்க அவர் மேற்கொண்ட வழி நாம் போற்றத்தக்கது. உள்ளூர்த் திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். குழந்தைகளுக்கு எழுத வந்தவர் முதலில் குழந்தைகளிடம் எழுதக் கற்றார்.

இங்கிலாந்தில் 1698-இல் தோன்றிய கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அச்சுப் பொறி ஒன்றை அனுப்பி உதவியது. செருமனியிலுள்ள ஹாலே நகரிலிருந்து 1713-இல் தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. ஆனால் அவ்வெழுத்துகள் பெரியனவாக இருந்தன. தாளை மிகுதியாக விழுங்கின. தாளோ அருமையான பொருள். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்க்கத் துணிந்தனர். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளை உருக்கி எழுத்து வார்த்தனர்! பின்னர் பொறையாற்றில் காகிதப் பட்டறையும் ஏற்பட்டது. சிறிய எழுத்தால் தாள் குறைந்தது. தாள் குறைந்ததால் செலவு குறைந்தது. விலை மலிந்த சிறு நூல் என்பது கருத்தால் மட்டும் பிறப்பதன்று. ஈயத்தாலும் தாளாலும் உழைப்பாலும் பிறப்பதாகும்.

சென்னைக்கு அச்சுக்கலை வந்த கதையும் சுவையானது. 1761-இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப் பொறியைச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். அது வேப்பேரியில் பாப்ரிசியசு பாதிரியாரின் பொறுப்பில் விடப்பட்டது. அடுத்த நூற்றாண்டில், 1858-இல் தோன்றிய ஒரு சங்கம் 1891 முதல் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்னும் பெயரைப் பெற்றது. சான் மர்டாக் என்னும் அறிஞர் அதன் பணிக்காக இந்தியா எங்கும் சுற்றினார். 1865-இல் தமிழ் அச்சு நூல்களுக்கு ஒரு வகைப்பாட்டுப் பட்டியலையும் வெளியிட்டார். பள்ளிச் சிறுவர்க்கு ஏற்ற எளிய நூல்கள் குறைந்த விலையில் கிடைக்க வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் நோக்கம்.

இதே காலப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததை நாம் மறத்தலாகாது. ஆறுமுக நாவலர் கிறிஸ்தவப் பாடசாலையில் பயின்றவர். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை புரிந்தவர். சிறு நூலின் ஆற்றலை அவர் அருகிலிருந்தே கண்டார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியை நிறுவினார். 1849-இல் சென்னைக்கு வந்து அச்சுப் பொறி வாங்கிச் சென்றார். அவருடைய பாலபாடங்களும் சைவ வினாவிடையும் தமிழ்ச் சிறுவர் பல தலைமுறையினர் கையில் தவழ்ந்தன. இரு சாராரும் ஒருவரையொருவர் கடுமையாக மறுத்து எழுதினர் என்பது உண்மையே. எனினும் அப்போட்டியின் விளைவாகத் தமிழ் உரைநடை எளிமை பெற்றது. குழந்தைக்கு என எழுதுதல் ஒரு பெரும்பணி என்னும் உணர்வு இரு சாரார்க்கும் பொதுவாயிற்று.

இங்கே 'வினாவிடை' என்னும் வடிவத்தைப் பற்றிச் சிறிது சிந்திக்க விரும்புகிறேன். மார்ட்டின் லூதர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேச நூல், வீட்டுத் தலைவர் தம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்காக இயற்றப்பட்டது. அதில் வினவுபவர் கற்பிப்பவர்; விடை சொல்வது குழந்தை. தமிழ்ச் சைவ மரபிலோ, மனவாசகம் கடந்தார் இயற்றிய 'உண்மை விளக்கம்' என்னும் நூலில் வினவுபவர் மாணாக்கர். விடை தருபவர் ஆசிரியர். இவ்விரு முறைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதன்று. முதலாவது முறை நினைவில் நிறுத்த உதவும். இரண்டாவது முறை, ஐயம் கற்பவனுக்கு உரியது என்பதை ஒப்புக்கொள்கிறது. குழந்தைக்குத் தரும் சிறு நூலில் இந்த இரண்டாவது முறைக்கும் இடம் வேண்டும் என்பதே என் கருத்து.

ஒரு ஞாயிறன்று, காணாமற்போன ஆட்டின் உவமைக் கதையைக் கூறும் எட்டுப் பக்கப் படநூலைச் சிறுவர்களுக்குக் கொடுத்தேன். நூறு ஆடுகளை உடைய மேய்ப்பன் தொண்ணூற்றொன்பதை விட்டு, தொலைந்த ஒன்றைத் தேடிச் சென்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உரக்கப் படித்து முடித்து, "அந்தத் தொண்ணூற்றொன்பது ஆட்டையும் அப்போது யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று கேட்டாள். நூலின் இறுதியில் ஐந்து வினாக்கள் இருந்தன. இந்த வினா அவற்றில் இல்லை. "நூலில் அது சொல்லப்படவில்லை, அம்மா, நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன். அவள் சற்று எண்ணிவிட்டு, "அவை ஒன்றாக இருந்தன, பயம் இருந்திருக்காது. தனியாக இருந்ததற்குத்தானே பயம்!" என்றாள். அச்சிட்ட ஐந்து விடைகளையும் அவள் மறந்துவிடக்கூடும். தானே கண்ட இந்த விடையை மறக்கமாட்டாள் என்று நம்புகிறேன். உவமையின் உட்பொருளும் ஏறத்தாழ அதுவே அன்றோ?

சமயத்தைக் குழந்தைகளோடு பகிர்ந்துகொள்வதில் மற்றொரு பொறுப்பும் உண்டு. குழந்தை எளிதில் நம்பும்; அச்சத்தைக் காட்டினால் அஞ்சும்; இனிப்பைக் காட்டினால் அருகில் வரும். இவ்வியல்பைப் பயன்படுத்திக்கொள்ளுதல் எந்தச் சமயத்தார்க்கும் அழகன்று. நம் அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு, அரசு ஏற்பு அல்லது நிதியுதவி பெற்ற கல்வி நிலையத்தில் பயிலும் எவரையும் அவர் இசைவின்றிச் சமய போதனையில் பங்குகொள்ளச் செய்யலாகாது என்கிறது. சிறுவராயின் அவருடைய காப்பாளரின் இசைவு வேண்டும். இதனை வெறும் சட்டமாக மட்டும் நான் கருதவில்லை. பெற்றோருக்குத் தெரியாமல் மறைத்துத் தர வேண்டிய ஒரு நூல், குழந்தைக்குத் தரத்தக்க நூலே அன்று. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயிடம் உரக்கப் படித்துக் காட்டத்தக்கதாக அது இருத்தல் வேண்டும்.

ராபர்ட் ரெய்க்சு என்பவரைப் பற்றி ஒரு சொல் கூறி முடிக்கிறேன். இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரில் செய்தித்தாள் அச்சிட்டு நடத்திய அவர், வார நாள்களில் ஊசித் தொழிற்கூடங்களில் உழைத்த ஏழைச் சிறுவர்க்காக 1780-இல் ஞாயிறு பள்ளி தொடங்கினார். அங்கே அவர்கள் விவிலியம் கற்றனர். அதற்கு முன் எழுத்தைக் கற்றனர். எழுத்தறிந்த பின் எந்த நூலையும் படிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டாயிற்று. ஒரே நூலைக் கற்பிக்க எழுந்த பள்ளி எல்லா நூல்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. சிறு நூலின் பெருமை இதுவே.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள்; சிலர் எழுத்தாளராவீர்கள். சமயத்தைப் பற்றியாயினும் அறிவியலைப் பற்றியாயினும் குழந்தைக்கு ஒரு சிறு நூல் எழுத நேர்ந்தால், அதனை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு குழந்தையின் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அது எங்கே தடுக்கி நிற்கிறதோ, அங்கே திருத்த வேண்டியது உங்கள் வாக்கியத்தை. அது எங்கே நிமிர்ந்து உங்களைக் கேள்வி கேட்கிறதோ, அங்கே நீங்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுங்கள்.