கரையில் உதறிய சிப்பி அங்கன்வாடிக்கு வந்த கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

குழுக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்ததோடு சரி, மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்கரை ஊர். நண்டு வலை போட்டால் நண்டு மட்டுமா வரும்? சங்கு, சிப்பி, பாசி எல்லாம் சேர்ந்துதான் வரும். கரையில் உட்கார்ந்து வலை பிரிப்பது பெரும்பாலும் பெண்கள்தான். நண்டைக் கூடையில் போடுவோம், மற்றதை அங்கேயே உதறிவிட்டு வந்துவிடுவோம். வீட்டில் மட்டி அவித்தால் ஓட்டைக் கொல்லையில் கொட்டுவோம். அது நாறும், ஈ மொய்க்கும், பிள்ளைகள் காலைக் கிழிக்கும்.

போன வருஷம் அங்கன்வாடிச் சுவரில் படம் போடலாம் என்று பேச்சு வந்தது. பெயிண்டுக்குக் காசு இல்லை. "கொட்டிக் கிடக்கிற ஓட்டை வச்சே செஞ்சா என்ன?" என்று குழுவில் ஒரு அக்கா கேட்டார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

எடுத்த எடுப்பிலேயே ஒரு தப்பு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை சாக்கோடு கடற்கரைக்குப் போய், அழகாக இருந்ததையெல்லாம் பொறுக்கி வந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்தோம். ராத்திரி சாக்குக்குள் கடகடவென்று சத்தம். அவிழ்த்துப் பார்த்தால், சங்குகள் நடக்கின்றன! உள்ளே நண்டு. சன்னியாசி நண்டு என்கிறோமே, அது. அதற்குப் பின்பக்க உடம்பு மெத்தென்று இருக்கும், மூடிக்கொள்ள ஓடு கிடையாது. செத்த சங்கின் ஓட்டுக்குள் புகுந்துதான் பிழைக்கும். வளர வளரப் பெரிய ஓடாகப் பார்த்து மாறிக்கொள்ளும். சாக்கின் அடியில் கிடந்தவை அதற்குள் செத்துவிட்டன.

நாலாவது படிக்கிற என் மகள், "அம்மா, அதோட வீட்டையா தூக்கிட்டு வந்துட்டோம்?" என்று அழுதாள். என் மாமியார், "கரையில கிடக்கிறதெல்லாம் குப்பை இல்ல ஆத்தா" என்றார். விடிந்ததும் உயிரோடு இருந்ததையெல்லாம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் குழுவில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

அன்றைக்கு ஒரு தீர்மானம் எழுதினோம். வலையில் வந்து செத்த ஓடு, சமையலில் மிஞ்சிய ஓடு, இவை மட்டும்தான் எடுக்க வேண்டும். கடற்கரையிலும் தீவிலும் பொறுக்கக் கூடாது. வலையில் உயிரோடு வந்தால் உடனே கடலில் விட வேண்டும். நம் பகுதியில் உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சில சங்கு, சிப்பி வகைகளும் இருக்கின்றன. பட்டியலில் உள்ளது செத்துக் கிடந்தாலும் எடுத்து விற்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் வனத்துறையில் கேட்ட பிறகுதான் தொட வேண்டும்.

தீர்மானம் எழுதுவது சுலபம். கொஞ்ச நாளில் ஒரு வியாபாரி வந்தார். பெரிய சங்காகச் சேர்த்துக் கொடுத்தால் முன்பணம் தருகிறேன் என்றார். அது கடன் தவணை கட்டுகிற நேரம். ஒரு அக்கா வாங்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். "அப்ப என் தவணையை நீயா கட்டுவே?" என்று கேட்டுவிட்டார். என்னிடம் பதில் இல்லை. அவருக்கு நிஜமாகவே கஷ்டம். இருட்டும்வரை பேசினோம். கடைசியில் குழுச் சேமிப்பிலிருந்து அவருக்கு உள்கடன் கொடுத்தோம், வியாபாரியை அனுப்பிவிட்டோம். அந்த அக்காவுக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. அதை மறைக்கவில்லை. ஆனால் கஷ்டத்துக்குக் கை கொடுக்காமல் சட்டம் மட்டும் பேசியிருந்தால் அந்தத் தீர்மானம் நோட்டில்தான் இருந்திருக்கும்.

இனி வேலையைச் சொல்கிறேன். ஓட்டை முதலில் நன்றாகக் கொதிக்க வைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, நாற்றம் போகும்வரை காயவிட வேண்டும். கூர்மையான விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கலாம். ஈரத்தோடு தேய்த்து, மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. பழைய சுவரில் ஓடு நிற்காது. புதிதாகச் சிமெண்ட் பூசி, ஈரம் காயுமுன், ஓட்டின் குழியில் கலவையை நிரப்பி அழுத்த வேண்டும். எங்கள் சுவரில் கடற்பசுவும் ஆமையும் செய்தோம். கடற்பசுவுக்கு மட்டி ஓடு, ஆமை முதுகுக்குச் சிப்பி. முள் உள்ள ஓடுகளைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தோம்.

மிச்சம் இருந்த ஓடுதான் பாடமானது. சின்னப் பிள்ளைகள் பெரிது, சிறிது என்று பிரிப்பார்கள். மட்டிக்கு இரண்டு ஓடு அல்லவா? கலைத்துப் போட்டு ஜோடி சேர்க்கச் சொன்னால் விடவே மாட்டார்கள். பெரிய பிள்ளைகள் பல்லாங்குழி ஆடிக் கணக்குப் படிக்கிறார்கள். வாயில் போடும் வயதுக் குழந்தைகளுக்குச் சின்ன ஓடு கொடுக்கவே கூடாது.

சில மட்டி ஓட்டில் ஊசியால் குத்தியதுபோல் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். யார் போட்டது என்று பிள்ளைகளைக் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அது ஒரு வகைக் கடல் நத்தை துளைத்து உள்ளே இருக்கும் சதையைத் தின்ற அடையாளம். ஓட்டின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரை பொங்கும். ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் கரியமில வாயு வரும். பத்தாவது வரை நான் புத்தகத்தில் படித்ததை என் கொல்லை ஓட்டில் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இதில் எங்களுக்குக் காசு வரவில்லை. கரையில் பிள்ளைகள் கால் கிழிவது குறைந்திருக்கிறது. வலை பிரிக்கும்போது அசைகிற சங்கைப் பார்த்தால், "பெரியம்மா, அது உசுரோட இருக்கு, கடல்ல விடுங்க" என்று பிள்ளைகளே பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

கடல் இல்லாத ஊர்ச் சகோதரிகளே, உங்களுக்கு முட்டை ஓடு இருக்கிறது, வயலில் செத்த நத்தையின் ஓடு இருக்கிறது, புளியங்கொட்டை இருக்கிறது. எதை எடுத்தாலும், உள்ளே உயிர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எடுங்கள். அங்கன்வாடியைப் பார்க்க ஆசைப்படும் குழுவினர் எங்கள் ஊருக்கு வாருங்கள், மட்டிக் குழம்போடு காத்திருக்கிறோம்.